தாத்தாவுக்குக் கையெழுத்து... மருமகளுக்குப் பரீட்சை!

பாண்டிச்சேரின்னு சொன்னதுமே நம்ம காலேஜ் பசங்க முகத்துல ஒரு பல்பு எரியும். ஏன்னு யாரும் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம்தான்! ஆனா, இந்த வாரம் நாம சுத்தப்போறது வேற பாண்டிச்சேரி. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கூட்டியில பறந்து, நோட்டுப் புத்தகத்தோட கிளாஸுக்குள்ள ஓடி, வெளியே வரும்போது 'நீ ஏ2 முடிச்சிட்டியா? பி1 எப்போ எழுதப் போறே?'ன்னு பேசிக்கிற பாண்டிச்சேரி.

ஏ2, பி1... ஹாஸ்டல் பிளாக் நம்பர் மாதிரி இருக்கா? இல்லை பாஸ். ஒரு மொழி உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு அளக்கிற ஸ்கேல் அது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2ன்னு மொத்தம் ஆறு படி. ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட இந்த அளவுகோலைத்தான் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சுன்னு எல்லா மொழிக்கும் பயன்படுத்துறாங்க. இந்த ஊர்ல பல வீடுகளோட எதிர்காலமே இந்தப் படிகள்ல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கு!

வாய்க்காலைத் தாண்டினா...

நேரு வீதிக் கூட்டத்துல இடிபட்டு, கிழக்கே நடந்து, பெரிய வாய்க்காலைத் தாண்டினா காட்சி மாறிடும். மஞ்சள் சுவர், காகிதப்பூ, சிவப்புத் தொப்பி போலீஸ். தெருப் பலகையில தமிழும் பிரெஞ்சும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். சுய்ஃப்ரேன் வீதியில அலியான்ஸ் பிரான்சேஸ். 1889-லிருந்து இந்த ஊருக்கு பிரெஞ்சு சொல்லிக் கொடுக்குது. இன்னொரு பக்கம் லிசே பிரான்சே பள்ளிக்கூடம். அது 1826-ல் ஆரம்பிச்சது. ஊர்க்காரங்களுக்குச் சுருக்கமா 'லிசே'!

இந்த ஆறு படியும் புரியணும்னா இலக்கணப் புத்தகம் வேண்டாம். இந்தத் தெருக்கள்ல என்னோட ஒரு ரவுண்ட் வாங்க, போதும்.

பேக்கரிக்குள்ள போய், பேரு ஊரு சொல்லி, 'ரெண்டு ரொட்டி குடுங்க, எவ்வளவு?'ன்னு பிரெஞ்சுல கேட்க முடிஞ்சா அது ஏ1. வீட்டுக்காரர்கிட்ட 'குழாய் ஒழுகுது, நாளைக்கு ஆள் அனுப்புங்க'ன்னு சொல்லத் தெரிஞ்சா ஏ2. கடற்கரையில பர்ஸ் தொலைஞ்சு போய், எங்கே, எப்படி, கடைசியா எப்போ பார்த்தேன்னு முன்னப் பின்ன கோர்வையா விளக்க முடிஞ்சா பி1. அதே கடற்கரைச் சாலையில சாயங்காலம் வண்டி விடலாமா கூடாதான்னு ரெண்டு பக்க நியாயமும் சொல்லி, எதிராளியோட வாதாட முடிஞ்சா பி2. அதுக்கு மேல சி1, சி2 எல்லாம் பேராசிரியர், வக்கீல் ரேஞ்சு. நாம இப்போதைக்கு வணக்கம் மட்டும் வச்சுக்கலாம்!

ஒரு மேட்டரைக் கவனிச்சீங்களா? எத்தனை வார்த்தை மனப்பாடம், எத்தனை இலக்கண விதி தெரியும்னு எங்கேயும் கேட்கலை. அந்த மொழியை வச்சு என்ன வேலை முடிக்க முடியும்னுதான் கேட்கிறாங்க.

25+25+25+25

பிரெஞ்சுல இதுக்கான பரீட்சை பேரு டெல்ஃப். ஏ1 முதல் பி2 வரை ஒவ்வொரு படிக்கும் தனித்தனி பேப்பர். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது - ஆளுக்கு 25 மார்க். மொத்தம் 100-க்கு 50 எடுத்தா பாஸ். 'எழுதறதுல பிச்சு உதறிட்டு, பேசறதுல பேந்தப் பேந்த முழிச்சுக்கலாம்'னு பிளான் போட்டா அது நடக்காது. எந்தப் பிரிவுலயும் 5 மார்க்குக்குக் கீழே போனா மொத்தமா காலி! ஒரு தடவை வாங்கின டெல்ஃப் டிப்ளமோ ஆயுசுக்கும் செல்லும். டி.சி.எஃப்.னு இன்னொரு தேர்வு இருக்கு. அந்த ரிசல்ட்டுக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுள்.

எவ்வளவு நாள் படிக்கணும்? பொதுவா சொல்ற கணக்கு இதுதான்... ஆரம்பத்திலிருந்து ஏ1 வரைக்கும் 60 முதல் 100 மணி நேர வகுப்பு, பி1 வரைக்கும் 400 மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட, பி2 வரைக்கும் 600 மணி நேரம். நம்ம செமஸ்டர் மாதிரி கடைசி ராத்திரி பிட்டு தயாரிச்சு தாண்டுற ஆட்டம் இல்லை இது.

1962-ல் ஒரே ஒரு கையெழுத்து

இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு பிரெஞ்சு மோகம்? அதுக்குக் கொஞ்சம் ஹிஸ்டரி.

1954 அக்டோபர் 18-ல் கீழூர்ல ஓட்டெடுப்பு நடந்தது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரணும்னு ஓட்டுப் போட்டாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறிச்சு. 1956-ல் ஒப்பந்தம், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுசா இந்தியாவோட இணைஞ்சாச்சு. அப்போதான் அந்தக் கேள்வி வந்தது... நீங்க இந்தியரா, பிரெஞ்சுக்காரரா?

இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தவங்க தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆகிடுவாங்க. 'இல்லை, எனக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டியே இருக்கட்டும்'னு நினைச்சா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். அப்படி எழுதிக் கொடுத்தவங்க சுமார் 5,000 பேர். பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்களும் - ஊர் பாஷையில 'சொல்தா' - அவங்க குடும்பங்களும் இந்தக் கூட்டத்துல உண்டு. அந்த ஆறு மாசத்துல யாரும் யார்கிட்டயும் 'ரெண்டு வரி பிரெஞ்சு பேசிக் காட்டு'ன்னு கேட்கலை. ஏ1 கிடையாது, பி1 கிடையாது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வீட்டுல தமிழ்ல சண்டை போட்டு, தமிழ்ல சமாதானம் ஆகி, மீன்குழம்பு சாப்பிட்ட குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா பிரெஞ்சுக் குடிமக்கள்! 2022-ல் நடந்த பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்கு இந்த ஊர்லயே ஓட்டுச்சாவடி வச்சாங்கன்னா பார்த்துக்கோங்க.

இப்போ ஆறு படி!

என் கிளாஸ்மேட்டோட அக்காவுக்குப் போன வருஷம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா சொல்தா. 1962-ல் கையெழுத்துப் போட்டவர். அதனால மாப்பிள்ளை பிறந்தப்பவே பிரெஞ்சுக்காரர். அவருக்கு யாரும் பரீட்சை வைக்கலை. ஆனா அக்காவுக்கு?

'பிரான்ஸுக்குப் போற விசாவுக்கு மொழித் தேர்வு இல்லை தம்பி. போன பிறகுதான் கச்சேரியே!'ன்னு சிரிக்கிறாங்க அக்கா. பிரான்ஸ்ல 2024 ஜனவரியில ஒரு குடியேற்றச் சட்டம் வந்தது. அதோட மொழி விதிகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தாச்சு. ஒண்ணுக்கு மேற்பட்ட வருஷம் தங்குற முதல் கார்டுக்கு ஏ2. பத்து வருஷ கார்டுக்கு பி1. முன்னாடி இதுக்கு ஏ2 போதும். குடியுரிமைக்கு பி2. முன்னாடி பி1. அதாவது, எல்லாப் படியும் ஒரு ஸ்டெப் மேலே போயிடுச்சு! விண்ணப்பம் போட்டு குடியுரிமை வாங்குறவங்களுக்கு 40 கேள்வி கொண்ட குடிமைத் தேர்வும் சேர்ந்திருக்கு. 45 நிமிஷத்துல 32 கேள்விக்காவது சரியான பதில் சொல்லணும். பிரெஞ்சு வரலாறு, சட்டம், சமூக வாழ்க்கை எல்லாம் வரும்.

மாமனார் மாமியார் தமிழ்லதான் பேசுறாங்க. புருஷனும் தமிழ்லதான் கொஞ்சுறார். அப்புறம் பேசிப் பழகறது யார்கூட? 'கண்ணாடிகூடதான்!' இது அக்காவோட பதில். ஒரே வீட்டுல ஒருத்தருக்குப் பிறப்புரிமை, இன்னொருத்தருக்கு 600 மணி நேரம். நியாயமான்னு கேட்டேன். 'அந்த ஊர்ல டாக்டர்கிட்ட என் வலியை நானே சொல்லணும். அதுக்கு பி1 வேணும். அது எனக்காக. பி2 பாஸ்போர்ட்டுக்காக. அதை வாங்கினா இந்தியக் குடியுரிமை போயிடும். அதுக்கு அவசரமே இல்லை'ன்னு பட்டுனு சொன்னாங்க. இந்தியாவுல இரட்டைக் குடியுரிமை கிடையாதே!

மத்த நாடுகள்ல எப்படி?

நெதர்லாந்துல கதையே உல்டா. வாழ்க்கைத் துணையா அங்கே குடியேறணும்னா, நம்ம நாட்டுக்காரங்க கிளம்புறதுக்கு முன்னாடியே ஏ1 டச்சுத் தேர்வு எழுதணும். பேசுவது, படிப்பது, அந்த ஊர் சமூகம் பத்தின கேள்விகள்னு மூணு பகுதி. போன பிறகும் விட மாட்டாங்க. 2022 ஜனவரி 1 முதல் அமல்ல இருக்கிற சட்டப்படி பொதுவா மூணு வருஷத்துக்குள்ள பி1 எட்டணும். முன்னாடி அங்கேயும் ஏ2 போதும்னுதான் இருந்தது. ஜெர்மனியிலயும் 2007-லிருந்து கணவனோ மனைவியோ போய்ச் சேர பொதுவா ஏ1 காட்டணும். ஆக, வாசல்லயே நிறுத்திக் கேட்கிற நாடும் உண்டு, உள்ளே விட்டுட்டுக் கேட்கிற நாடும் உண்டு. ஆனா, படியை உயர்த்துறதுல எல்லாரும் ஒரே கட்சி!

சரி, நமக்கு இதுல என்ன பாடம்? பிரான்ஸ்ல மேல்படிப்பு ஆசை இருக்கிற இன்ஜினீயரிங் மக்களே, முதல்ல எந்தக் கதவுன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் சாவி தேடுங்க. பாடம் ஆங்கிலத்துல நடந்தா அட்மிஷனுக்கு பிரெஞ்சு பெரிசா தேவைப்படாது. பாடமே பிரெஞ்சுலன்னா பொதுவா பி2 கேட்பாங்க. முதல் வருஷத்துலயே ஆரம்பிச்சு வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கினா, வருஷத்துக்கு 200 மணி நேரம். ஃபைனல் இயர்ல பி1-ஐத் தாராளமா தாண்டி, பி2 பக்கத்துல நிற்கலாம். கோர்ஸுக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி எந்த லெவல், எந்தச் சான்றிதழ், அது எத்தனை வருஷம் செல்லும்... இந்த மூணையும் கேட்டுட்டுக் கட்டுங்க.

அடுத்த தடவை பாண்டிச்சேரி வந்தா, கடற்கரைச் சாலையில இருக்கிற பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கும் ஒரு எட்டு போய் வாங்க. முதல் உலகப் போர்ல செத்துப்போன இந்த ஊர் வீரர்களுக்காகக் கட்டினது. வருஷா வருஷம் ஜூலை 14 அன்னிக்கு மரியாதை நடக்கும். பிரான்ஸுக்காக உயிரைக் கொடுத்த அந்த ஆளுங்ககிட்டயும் யாரும் 'என்ன லெவல்?'னு கேட்டதில்லை!