41-க்கு 12

எனக்கு பாஸ்கெட்பால் ஆடத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆடிப் பார்த்தேன். நான் போட்ட பந்து போர்டுக்கு மேலே பறந்து மெஸ் கூரையில் போய் உட்கார்ந்தது. அத்தோடு சரி. ஆனாலும் இரண்டு வருஷமாக எங்கள் காலேஜ் டீமோடு ஒவ்வொரு மேட்சுக்கும் பஸ்ஸில் போய் வருகிறேன். காரணம், நான் படிப்பது புள்ளியியல். "கணக்குப் பையன்தான, இந்தா எழுது" என்று பி.டி. சார் ஒருநாள் ஸ்கோர் நோட்டைக் கையில் திணித்துவிட்டார்.

ஆரம்பத்தில் பாயின்ட், ஃபவுல் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு டீன் ஆலிவர் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தேன். இன்ஜினியரிங் படித்த மனிதர். பாஸ்கெட்பால் கணக்கைப் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதியவர். 2004-ல் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் என்ற என்.பி.ஏ. அணி அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. கணக்குப் போட்டால் சம்பளம்! எனக்கு வாயெல்லாம் பல்.

அவர் சொல்வது ரொம்ப எளிமையான விஷயம். மேட்சுக்கு எத்தனை பாயின்ட் என்று பார்க்காதே, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை பாயின்ட் என்று பார். ஒரு டீம் வேகமாக ஆடும், இன்னொன்று நிதானமாக ஆடும். மொத்தப் பாயின்டை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிட்டால் தப்பாகிவிடும். பந்து எத்தனை தடவை கைக்கு வந்தது என்பதை ஸ்கோர் நோட்டிலிருந்தே கணக்கிடலாம். போட்ட ஷாட்களிலிருந்து, தவறிய பந்தை நாமே மறுபடி பிடித்த ரீபவுண்டுகளைக் கழிக்க வேண்டும். டர்ன்ஓவரைக் கூட்ட வேண்டும். ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். (அதென்ன 0.44? ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். கூடை விழுந்த பிறகு போனஸாக ஒன்று வருவதும் உண்டு. அதனால் பாதிக்குக் கொஞ்சம் கீழே.)

அடுத்து அவருடைய நான்கு காரணிகள். வெற்றியில் ஷாட் எவ்வளவு நன்றாக விழுகிறது என்பதற்குச் சுமார் 40 சதவீதப் பங்கு, பந்தைத் தொலைக்காமல் இருப்பதற்கு 25, ரீபவுண்டுக்கு 20, ஃப்ரீ த்ரோவுக்கு 15. இதையெல்லாம் எக்செல்லில் போட்டு, கலர் அடித்து, பிரின்ட் எடுத்து சாரிடம் நீட்டினேன். சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பரவால்லயே" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. :-)

இனிமேல்தான் விஷயமே.

என் ரூம்மேட் டீமில் ஃபார்வர்ட். மூன்றாம் வருஷம், அதாவது அவனுக்கு இதுதான் கடைசி சீசன். ஆறு மேட்ச் முடிந்தபோது என் ஷீட்டில் அவன் பெயருக்கு நேரே இருந்தது: 41 ஷாட், உள்ளே விழுந்தது 12. அதாவது 29 சதவீதம். டீமிலேயே குறைச்சல். அந்தக் கட்டத்துக்கு நான்தான் சிவப்புக் கலர் அடித்தேன். மனசுக்குள் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. ஆனால் ஃப்ரெண்டுக்காக நம்பரை மறைத்தால் அப்புறம் என்ன புள்ளியியல் என்று எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மேட்சிலும் அவன் பெஞ்சில். சார் என் ஷீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவனுக்குக் காரணம் தெரியும். ரூமில் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல "சாப்டியாடா?" என்றான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த இரண்டு மேட்சையும் தோற்றோம்.

ஜூனியர் ஒருவன் எல்லா மேட்சையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அதை வாங்கி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பழைய ஆறு மேட்சையும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். நாங்கள் ஆடும் கிரவுண்டுகள் பலவற்றில் 24 நொடி காட்டும் போர்டு கிடையாது. டேபிளில் ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு கடைசி நொடிகளைச் சத்தமாக எண்ணுவார். "ஃபைவ்... ஃபோர்... த்ரீ..." என் ரூம்மேட் ஷாட் போடும்போதெல்லாம் பின்னால் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

உட்கார்ந்து எண்ணினேன். 41-ல் 19 ஷாட் அந்தக் குரல் கேட்கும்போது போட்டவை. மற்றவர்கள் வழி கிடைக்காமல் பந்தை அவனிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். போடாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த 19-ல் விழுந்தது 3. மீதி 22-ல் விழுந்தது 9, அதாவது 41 சதவீதம். டீமில் நல்ல ஷூட்டர் என்று நான் பச்சை அடித்து வைத்திருந்தவனுக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான். அந்தப் பச்சை ஆசாமி, நேரம் முடியப்போகிற பந்தைத் தொட்டதே மிகக் குறைவு.

என் கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அந்த ஷாட்கள் எப்படி அவன் கைக்கு வந்தன என்று எழுத என் நோட்டில் கட்டமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த 24 நொடியே ஒரு கணக்கில் பிறந்ததுதான். 1954-ல் டேனி பயசோன் என்ற அணி முதலாளி, விறுவிறுப்பான மேட்ச்களில் இரண்டு டீமும் சேர்ந்து சுமார் 120 ஷாட் போடுவதைக் கவனித்தார். 48 நிமிஷம் என்றால் 2880 நொடி. 120-ஆல் வகுத்தால் 24. இன்று என்.பி.ஏ.வில் கடிகாரத்தில் எத்தனை நொடி மிச்சம் இருந்தபோது ஷாட் போட்டார்கள் என்பதைத் தனியாகப் பிரித்தே வெளியிடுகிறார்கள். 2013-14 சீசனில் எல்லா அரங்கங்களிலும் கூரையில் கேமரா பொருத்தி, ஆட்டக்காரர்களும் பந்தும் இருக்கும் இடத்தை நொடிக்கு 25 தடவை பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். அதற்கும் முன்பே, 2009-ல், மைக்கேல் லூயிஸ் என்ற எழுத்தாளர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஷேன் பேட்டியரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பாயின்ட், ரீபவுண்ட் எதைப் பார்த்தாலும் பேட்டியர் சுமார்தான். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அணி நன்றாக ஆடும். எதிரணியின் பெரிய ஆட்டக்காரரைக் கஷ்டமான இடத்திலிருந்து ஷாட் போட வைப்பது அவர் வேலை. அதற்கும் வழக்கமான ஸ்கோர் ஷீட்டில் கட்டம் கிடையாது.

மறுநாள் காலை பிராக்டிஸில் சாரிடம் புது ஷீட்டைக் கொடுத்து, "சார், நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்சநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நீ எழுதுனத எழுதுன. மேட்ச்ச நேர்ல பார்த்தவன் நான். பேப்பரக் கண்டதும் நான் பார்த்தத மறந்துட்டேன் பாரு" என்றார்.

அடுத்த மேட்சில் அவனை இறக்கினார். நாங்கள் ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். தோற்றோம், நாலு பாயின்டில். ஆனால் அவன் முப்பது நிமிஷத்துக்கு மேல் ஆடினான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "கடைசி செகண்ட்ல பந்து எல்லாம் உன்கிட்டதான் வந்துச்சுன்னு நீயே சாரிடம் சொல்லியிருக்கலாமேடா?" என்றேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "யாராவது போட்டுத்தான ஆகணும் மச்சான்" என்றான்.

இப்போது என் நோட்டில் ஷாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. எத்தனை நொடி மிச்சம் என்று அதில் எழுதுகிறேன். இன்னும் எந்தெந்தக் கட்டங்கள் விட்டுப்போயிருக்கின்றனவோ! அதனால் யார் பெயருக்கு நேராகவும் சிவப்பு அடிப்பதை நிறுத்திவிட்டேன். குறைச்சலான நம்பர் தெரிந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு சாரிடம் கொடுக்கிறேன். சார் வீடியோவைப் போடச் சொல்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம்.