காலால் அறியும் எல்லை

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் எல்லை மலைகளைக் குடும்பத்தோடு நடந்து பார்க்க முடியுமா? முடியும். கூட்டிப் போக ஆள் வேண்டும்.

ஜனவரியில் மூணாறுக்கு மேலே செண்டுவாரை எஸ்டேட் பக்கம் சில விடியற்காலைகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேனை விட்டு இறங்கி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அந்த வெண்மையை விரலால் தொட்டுப் பார்க்கும். எட்டு, ஒன்பது மணி வெயிலில் எல்லாம் கரைந்துபோகும். கருகிய தேயிலைக் கொழுந்துகள்தான் மிச்சம். கேரளத்தின் பனிக்காலம் அவ்வளவுதான்.

பனிச்சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொள்ள இங்கே வழியில்லை. ஆனால் அந்த விளையாட்டின் ஒரு கிளை இந்த மலைக்காரர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. மலை உச்சியிலிருந்து சரிவில் பாய்ந்து இறங்குவதல்ல அது. மேடும் பள்ளமும் சமவெளியுமாகக் கிடக்கும் பனியில், சொந்தக் காலையும் கையையும் நம்பி மைல் கணக்கில் போவது. நார்டிக் வகை என்பார்கள். நார்வேயிலும் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் அது வேட்டைக்கும் போக்குவரத்துக்குமாகப் பிறந்தது; பந்தயமானது பிற்பாடுதான்.

அந்த விளையாட்டுக்குப் பனி தேசத்தில்தான் பிறக்க வேண்டும் என்பதும் இல்லை. இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், காபித் தோட்டங்களுக்குப் பெயர்போன குடகைச் சேர்ந்தவர் பவானி தெக்கட நஞ்சுண்டா. காஷ்மீரின் குல்மார்க்கில் நடக்கும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் இந்த வகைப் பனிச்சறுக்கில் கர்நாடகத்துக்காகத் தங்கம் வென்றவர். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆஃப்டன் என்ற சிற்றூரில் வளர்ந்த ஜெஸ்ஸி டிக்கின்ஸ், அப்பாவின் முதுகுப் பையில் உட்கார்ந்தபடி முதன்முதலில் பனிப்பாதையைப் பார்த்தவர். 2018ல் தென்கொரியாவின் பியாங்சாங் ஒலிம்பிக்கில் கிக்கன் ராண்டலுடன் சேர்ந்து, தன் நாட்டுக்கு இந்த விளையாட்டின் முதல் தங்கத்தை வாங்கித் தந்தார். குடும்பத்தோடு வெளியில் திரிவது என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்.

பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ போடியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மலை ஒரு மணி, இரண்டு மணி நேரத் தூரம். வாசலில் நின்றாலே தெரிகிறது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் ஒரு மைல் நடந்திருப்பார்கள்?

தமிழ்நாடு வழியே கேரளம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். அதன் தென்கரையில் எழும் மலை ஆனைமலை; அது அப்படியே தெற்கே போய் இடுக்கி மாவட்டத்தின் ஆனைமுடியில் உச்சியைத் தொடுகிறது. உயரம் 2,695 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. 1956ல் அமைந்த மொழிவாரி மாநிலங்களின் எல்லைக்கோடு இந்த மலையின் முதுகில் போகிறது. மலையோ கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

அதற்குச் சாட்சி பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் புலிகள் காப்பகம் இது. ஆனால் பாலக்காட்டுக்காரர் அங்கே காரில் போக வேண்டுமானால் கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடையில் மலையேறி, டாப்ஸ்லிப்பைக் கடந்து மீண்டும் கேரளத்துக்குள் போக வேண்டும். தன் மாவட்டத்தின் காட்டுக்கு அடுத்த மாநிலத்தின் சோதனைச் சாவடி வழியே பயணம்! உள்ளே இருக்கும் அணைகளோ கேரள மண்ணில் நின்று தமிழ்நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் அனுப்புகின்றன.

டாப்ஸ்லிப் என்ற பெயரே பழைய தொழிலின் மிச்சம். வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் அது. காடு மொட்டையாகிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே வந்து தேக்கை மீண்டும் வளர்த்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை இங்கேதான், மரங்களின் நடுவே இருக்கிறது. கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்து விதையை எடுத்துப் போட்டபடியே நடந்தார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

பரம்பிக்குளத்தில் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. வனத்துறையின் வாகனத்திலோ, வழிகாட்டியின் பின்னாலோதான் போக வேண்டும். வழிகாட்டிகள் பெரும்பாலும் காட்டிலேயே வாழும் பழங்குடியினர். காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று நான்கு சமூகங்களின் குடியிருப்புகள் உள்ளே இருக்கின்றன. கன்னிமாரா தேக்கின் அடியில் போய் நின்றால் பெரியவர்களும் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். சுமார் 7 மீட்டர் சுற்றளவுள்ள அந்த மரத்தை ஐந்தாறு பேர் கைகோத்தால்தான் வளைக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் வடிந்தது, அதனால் விட்டுவிட்டார்கள் என்பது இங்கத்திய நம்பிக்கை.

மழை ஒளிந்துகொள்ளும் பள்ளத்தாக்கு

மலையை விட்டு இறங்கிப் பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மறுபடி தெற்கே ஏறினால் இடுக்கி எல்லை. இந்தப் பாதையில் முதலில் வருவது சின்னாறு. கேரளம் என்றால் மழை என்று நினைப்பவர்கள் இங்கே திகைத்துவிடுவார்கள். மலையின் மறுபக்கத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. கள்ளியும் முள்ளும் பாறையுமாக, பார்ப்பதற்கு ராமநாதபுரத்துக் காடு போல இருக்கும். நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலையணிலும் இங்கே பிரசித்தம்.

கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கே பாய்பவை 3 மட்டுமே: கபினி, பவானி, பாம்பாறு. பவானி பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி வழியாக வருகிறது. பாம்பாறு இடுக்கியின் மறையூர் வழியாக வருகிறது. ஆக, இந்த இரண்டு மாவட்டங்களும் ஆளுக்கோர் ஆற்றைத் தமிழ்நாட்டுக்குத் தருகின்றன. பாம்பாற்றின் தூவானம் அருவிக்குச் சின்னாறில் நடந்து போகலாம். முதுவர், மலைப்புலையர் சமூகங்களைச் சேர்ந்த வழிகாட்டிகள் முன்னால் போவார்கள். ஈர மண்ணில் பதிந்த தடம் யானையினுடையதா காட்டெருமையினுடையதா, இன்று காலை பதிந்ததா நேற்றா என்பதை அவர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடம் கற்றுத்தராத படிப்பு இது. கொஞ்சம் மேலே மறையூர். சந்தனக்காடும் வெல்லம் காய்ச்சும் கரும்புத் தோட்டங்களும், பாறைமேல் கற்பலகைகளால் எழுப்பிய முனியறைகளும் உண்டு. 2019ல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கேரளம் வழியே தமிழ்நாடு

மூணாறைத் தாண்டிப் போனால் கதை தலைகீழாகிறது. டாப் ஸ்டேஷன் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. சாலை மூணாறிலிருந்து வருகிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமும் தேனி மாவட்டம்தான். ஆனால் வாகனம் போக வேண்டுமானால் இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் குலுங்கிக்கொண்டு ஏற வேண்டும். பரம்பிக்குளத்துக்கு நேர் எதிர்.

ஆனால் கால்நடையாகப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் ரயிலால் வந்தது. 1902ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டி ஓடியது. 1908ல் அது இரண்டடி அகலப் பாதையில் ஓடும் ரயிலானது. மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தன. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் ரயிலை வாரிக்கொண்டு போய்விட்டது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அதற்குத் '99 வெள்ளம்' என்றே பெயர்.

மனிதர்களும் இந்த வழிகளில்தான் வந்தார்கள். தோட்ட வேலைக்கு அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள், கைக்குழந்தையும் சட்டிபானையுமாகப் போடிப் பக்கத்து ஒற்றையடிப் பாதைகளில் ஏறின. இந்த எல்லையில் குடும்பத்தோடு மலையேறிய கூட்டம் அது. யாரும் அதைச் சாகசம் என்று சொல்லவில்லை. அவர்களுடைய வாரிசுகள் பலர் இன்றும் லயன் வீடுகளில் வாழ்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து அப்படிப்பட்ட வீடுகளை மூடியபோது 70 பேர் பலியானார்கள். மலையின் அழகைப் பேசுகிறவர்கள் அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குரங்கணி சொன்ன பாடம்

கொழுக்குமலையிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் செங்குத்தாக இறங்கினால் குரங்கணி. தோட்டக்காரர்கள் மூட்டை சுமந்து நடந்த பாதை அது. 2018 மார்ச் 11ஆம் தேதி, அந்தச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள், பலர் பெண்கள். உயரமாக வளர்ந்து காய்ந்திருந்த புல்லில் தீ காற்றோடு ஏறியது. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பாதையில் போக அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை என்று வனத்துறை அப்போது கூறியது.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றம் என்றாலே பெற்றோருக்குப் பயம். கட்டுப்பாடுகள் இறுகின. அது நியாயமான பயம்தான். ஆனால் பயத்தின் விளைவு என்ன? மலைக்குப் போவது நிற்கவில்லை. மலையில் நடப்பதுதான் நின்றது. ஜீப்பில் ஏறி, சூரிய உதயத்தைப் படம்பிடித்து, காலைச் சிற்றுண்டிக்குள் திரும்பிவிடுவது வழக்கமானது. வெறும் வேடிக்கையாக மலை சுருங்கியது.

நார்வேயில் 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பயிரிடாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிறது. நிலம் யாருடையதாக இருந்தாலும் சரி. பனி மூடிய குளிர்காலத்தில் வயல்களின் மேலும் சறுக்கிக்கொண்டு போகலாம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மொத்த ஜனத்தொகை சுமார் 55 லட்சம். சென்னை மாநகரை விடக் குறைவு. அங்கே காட்டில் யானை இல்லை, புலி இல்லை. காட்டையே நம்பி வாழும் பழங்குடிக் கிராமத்தின் நடுவே வார இறுதியில் நூறு ஜீப் வந்து நிற்கும் பிரச்சினையும் இல்லை. அந்தச் சட்டத்தை அப்படியே ஆனைமலைக்குக் கொண்டுவந்தால் மலை தாங்காது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொல்வது வீண் கெடுபிடி அல்ல.

சட்டத்தை இறக்குமதி செய்ய முடியாவிட்டாலும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். அதற்கான வழி இரண்டு மாநிலங்களிலும் திறந்துதான் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 40 பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்டது. டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவரைக்குப் போகும் பாதையும், குரங்கணியிலிருந்து போகும் ஒரு பாதையும் அவற்றில் உண்டு. உள்ளூர் மக்களுக்கு, அதிலும் பழங்குடி இளைஞர்களுக்கு, வழிகாட்டிப் பயிற்சி தரப்படுகிறது. கேரளத்தில் பரம்பிக்குளமும் சின்னாறும் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகின்றன. 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகத்தின் முகாமிலிருந்து நடக்கலாம்.

கிளம்பும் முன்பு சில விஷயங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை புல் காய்ந்திருக்கும். அந்த நாட்களில் மலைச்சரிவு வேண்டாம். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகள் குட்டி போடும் அதே பருவத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இடுக்கிப் பக்கம் மண்சரிவு அபாயம். மழை ஓய்ந்து, புல் பச்சையாக நிற்கும் டிசம்பர், ஜனவரி மாதங்கள் நடக்க ஏற்றவை. எட்டு வயதுப் பிள்ளைக்கு நான்கைந்து கிலோமீட்டர் போதும். காலையில் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். பளிச்சென்ற நிறச் சட்டையும் செல்போன் பாட்டும் காட்டுக்கு ஆகாது. முன்னால் போகும் வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும். காரணம் அப்புறம் கேட்கலாம்.

2018ல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030ல் பூக்கும். அன்றைக்கு மூணாறு சாலைகளில் வாகனங்கள் மைல் கணக்கில் நிற்கும் என்பதில் சந்தேகமில்லை. இன்றைக்கு ஆறு, ஏழு வயதில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பத்து வயதைத் தாண்டியிருப்பார்கள். அதற்குள் அவர்களுக்கு இந்த மலையில் நான்கு பாதைகளாவது காலால் தெரிந்திருந்தால், பூ இல்லாத வருஷங்களிலும் அவர்கள் இங்கே வருவார்கள். தீ வைக்காத, பிளாஸ்டிக் எறியாத, வழிகாட்டியைப் பெயர் சொல்லி விசாரிக்கிற விருந்தாளிகளாக வருவார்கள்.