குளிருக்குப் போர்வை... உயிருக்கு ஜன்னல் இடைவெளி!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம் தொடங்கிவிடும். பெரியார் அருவியில் ஒரு குளியல், வெள்ளிமலையில் சூடாக ஒரு டீ, வழியெங்கும் மரவள்ளித் தோட்டங்கள் என்று பொழுது போவதே தெரியாது. ‘ராத்திரி வேனிலேயே படுத்துக்கலாமே’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு முன் சில விஷயங்கள்...

கல்வராயன் 2,000 முதல் 3,000 அடி வரை உயர்ந்த மலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 டிகிரி குறையும். அதாவது, கீழே இருப்பதைவிட இங்கே 4 முதல் 6 டிகிரி குறைவு. மார்கழி, தை மாத இரவுகளில் நன்றாகவே நடுங்க வைக்கும்.

நம் ஊரில் ஏசி ஓடுகிறதா என்று பார்ப்போம். ஹீட்டரை யாரும் தொடுவதே இல்லை. இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட்டின் சூட்டைத்தான் ஹீட்டர் உள்ளே அனுப்புகிறது. எனவே, கிளம்பி 10 நிமிடமாவது ஆன பிறகே சூடு வரும். அதற்குப் பிறகும் வரவில்லையா?

* இன்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
* வெகுநேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் ஏறவில்லை என்றால், தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றிருக்கலாம்.
* முள் சரியாக இருந்தும் குளிர்காற்றே வந்தால், ஹீட்டர் கோரில் அடைப்பு இருக்கலாம்.
* உள்ளே தித்திப்பான வாடை, கால் மிதியில் ஈரம், கண்ணாடியில் பனிப்படலம் தெரிந்தால் ஹீட்டர் கோர் கசிகிறது.

இதையெல்லாம் கள்ளக்குறிச்சியிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஏறுவது நல்லது.

ஆனால், ஹீட்டர் ஓட்டும்போது மட்டும்தான். அதற்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ் எதையும் வண்டிக்குள் மூட்டக் கூடாது. இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகை உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு கொடைக்கானலில், அறைக்குள் பார்பிக்யூ அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது? தரையில் தடிமனான பாய், அதன்மேல் ஜமக்காளம், ஆளுக்கொரு கம்பளி, காலுறை, குல்லா. வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் இதமாக இருக்கும். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவையுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். ஊருக்குள், ஆள் நடமாட்டம் உள்ள இடமே நல்லது. அங்கேதான் விடிந்ததும் டீக்கடையும் திறந்திருக்கும்!