கூடுதல் பட்டை

பிக்கப்பில் டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் அமிழ்ந்தது. பட்டறையில் பின் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை கோத்தார்கள். வண்டி ரசமட்டத்துக்கு நிமிர்ந்துவிட்டது. பிரயோஜனம்தான், குழியில் அடி இடிக்காது. எனக்கோ கணக்கு உறுத்துகிறது. கொக்கியில் 100 கிலோ இறங்குகிறது. கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால், அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் என்றால், முன் சக்கரங்கள் 40 கிலோவை இழக்கும். பின் அச்சு 140 கிலோ கூடுதலாகச் சுமக்கும். எத்தனை பட்டை கோத்தாலும் இது அநேகமாக மாறாது. பிரேக்கும் சேஸியும் பழையவையே. அமிழ்ந்த பின்புறம் இதையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது, இப்போது மறைந்துவிட்டது. சுமையை அவிழ்த்தபின்னோ, விறைத்த ஸ்பிரிங் சிறு கல்லையும் முதுகுக்கு அனுப்பும். இரவல் கோட்பாடு கோத்து நிமிர்த்திய நம் விமர்சனங்களைப் படிக்கையில் இந்த வண்டிதான் ஞாபகம் வருகிறது. பார்வைக்குச் சமநிலை, திசை திருப்ப வேண்டிய சக்கரங்களில் கனம் குறைவு.