கரம் பலகையும் ஒரு வரவுப் பதிவேடும்

வடக்கிலும் கிழக்கிலும் 'சனசமூக நிலையம்' என்ற பெயர்ப்பலகை தொங்கும் கட்டடங்களுக்குள் மூன்று பொருட்களைத் தவறாமல் காணலாம். அன்றைய தினசரிகள், அவற்றை விரித்துப் போடுவதற்கு ஒரு நீண்ட மேசை, ஓரத்தில் ஒரு கரம் பலகை. எனது தலைமுறையைச் சேர்ந்த பத்திரிகையாளர்கள் பலர் செய்தி வாசிக்கப் பழகியதும் கரம் சுண்டப் பழகியதும் ஒரே கூரையின் கீழ்தான். காலையில் முதியவர்கள் தலையங்கத்தை உரத்து வாசிப்பார்கள். மாலையில் அதே இடத்தில் இளைஞர்கள் காய்களை அடுக்குவார்கள்.

பலகையின் ஆடுதளம் 74 சென்ரிமீற்றர் சதுரம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு சிவப்பு என மொத்தம் 19 காய்கள். இந்த ஆட்டத்திற்குரிய சர்வதேச சம்மேளனம் 1988இல் சென்னையில் உருவானது. 1991இல் முதலாவது உலகச் சம்பியனானவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். இவை எல்லாம் விளையாட்டுப் பக்கத்துக்குரிய செய்திகள். நான் இங்கு எழுத விரும்புவது சம்பியன்களைப் பற்றியல்ல. வெற்றி தோல்வியை யாருமே கணக்கு வைத்திராத, ஆனால் வேறொரு கணக்கை மிகக் கவனமாக வைத்திருந்த ஒரு சிறு குழுவைப் பற்றி.

வார வெளியீடொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், சனிக்கிழமை மாலையில் பக்கங்கள் அச்சுக்குப் போய்விட்டால் ஞாயிறு எனக்கு ஓய்வு. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. விறாந்தையில் ஒரு கரம் பலகை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஐந்து பேர் அங்கு கூடுவோம். புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவரை நாங்கள் 'ஐயா' என்றே அழைப்போம். தெஹிவளையிலிருந்து வரும் சிங்கள நண்பர், கணக்காளர். புறக்கோட்டையில் புடைவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் நண்பர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த இளைஞர். ஐந்தாவது ஆள் நான்.

ஆடுவோர் நால்வர், காத்திருப்போர் ஒருவர். காத்திருப்பவர் புள்ளிகளை எழுதுவார், தேநீர் பரிமாறுவார், எல்லோருக்கும் ஆலோசனை சொல்லித் திட்டு வாங்குவார்.

இருவர் இருவராக ஆடும்போது கூட்டாளி எதிரே அமர்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கிய பின் கதிரையை நகர்த்தக் கூடாது. எனவே ஒரு மாலை முழுவதும் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். கணக்காளர் நண்பர் எதிலும் அவசரப்படமாட்டார். ஸ்ரைக்கரைக் கோட்டில் வைத்துவிட்டு நெடுநேரம் யோசிப்பார். புடைவைக்கடைக்காரர் முதல் அடியிலேயே காய்களைக் கலைத்துச் சிதறடிப்பார். வியாபாரத்திலும் அவர் அப்படித்தான் என்று சொல்வார்கள். ஐயா வெற்றிபெறும் நிலையில் இருக்கும்போது இருமத் தொடங்குவார். இளைஞரின் கை எல்லோரையும் விட மென்மையானது. 1990 முதல் ஆறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஆடப் பழகிய பிள்ளை அவர். பலமாக அடித்தால் காய் இருட்டுக்குள் உருண்டுவிடும், பிறகு தேடுவது கஷ்டம் என்று தன் ஆட்டத்துக்கு விளக்கம் சொல்வார்.

சிவப்புக் காயைக் குழிக்குள் போட்டால் மட்டும் அது நமக்குச் சொந்தமாவதில்லை. தொடர்ந்து நமது காய் ஒன்றையும் போட்டு அதை உறுதிப்படுத்த வேண்டும். தவறினால் சிவப்பு மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். எங்கள் விறாந்தையில் எழுந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்த விதியைப் பற்றியவை. நாட்டில் நடப்பவற்றைப் பற்றி நாங்கள் ஒருமுறையேனும் அவ்வளவு உரத்துச் சண்டையிட்டதில்லை. அதற்குரிய கருத்து வேறுபாடுகள் ஐந்து பேரிடமும் தாராளமாக இருந்தன. ஆனால் பலகை விரித்திருக்கும் வரை அவற்றுக்கு இடமில்லை என்பது, யாரும் முன்மொழியாமலே நிறைவேறிய தீர்மானம்.

வெளிப்படையாகச் சொல்லி ஏற்றுக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. ஐந்து பேரும் வந்து சேரும்வரை பலகையில் பவுடர் தூவுவதில்லை. வர முடியாதவர் ஐந்து மணிக்கு முன்பே தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். இதனை ஏற்படுத்தியவர் ஐயா. புகையிரதங்களின் வருகையையும் புறப்பாட்டையும் பதிவு செய்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு, நேரம் பிந்தியவர்களைக் கண்டிக்க இது நல்ல வழியாக இருந்தது. அதற்குமேல் அதில் ஏதும் இருப்பதாக அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

2006இன் பின்னர் நிலைமை மாறியது. கொழும்பில் தமிழர்கள் கடத்தப்படுவதும் காணாமற்போவதும் அன்றாடச் செய்திகளாயின. 2007 ஜூன் 7ஆந் திகதி லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நிறுத்தியது. எங்கள் இளைஞரின் லொட்ஜ் அம்முறை தப்பியது.

அந்த ஆண்டுகளில் புகைப்படங்களுடன் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்த தாய்மார்களிடம் விபரங்களைக் கேட்டு எழுதுவது எனது பணிகளில் ஒன்றாக இருந்தது. பெயர், வயது, விலாசம் என்பவற்றை எழுதியபின் நான் கேட்கும் கேள்வி, "கடைசியாக யார், எப்போது கண்டது?" என்பதாகும். குடும்பத்தோடு இருந்தவர்களைப் பற்றியதாயின் மணிக்கணக்கில் விடை வரும். தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தவர்களைப் பற்றியதாயின் விடை தடுமாறும். அறைக்காரர் செவ்வாய் என்பார். வேலைத்தலத்தில் வியாழன் என்பார்கள். ஊரில் இருக்கும் தாய்க்கோ, அடுத்த ஞாயிறு வரவேண்டிய தொலைபேசி அழைப்பு வராதபோதுதான் தெரிந்திருக்கும். மகன் இல்லாமற் போய்விட்டான் என்பதை எவருமே அறியாத இரண்டு அல்லது மூன்று நாட்கள் இடையில் கிடக்கும். ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய வாய்ப்பு அதிகம் இருப்பது அந்த நாட்களில்தான். அவை எவருடைய கணக்கிலும் வராமல் கழிந்துவிடும்.

2008 செப்டெம்பரில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் அனைவரும் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களின் பின் ஒரு ஞாயிறு, ஆறு மணிக்கு நாங்கள் நால்வர்தான் இருந்தோம். ஐந்து மணிக்கு முன் தொலைபேசி அழைப்பு எதுவும் வரவில்லை. ஐயா தனது கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி இன்னும் வரேல்லையோ?"

ஆறு பத்துக்கு அவருடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தோம். அது நிறுத்தப்பட்டிருந்தது. லொட்ஜ் முகாமையாளர், ஐந்தரைக்கே தம்பி வெளிக்கிட்டுவிட்டதாகச் சொன்னார். அங்கிருந்து எங்கள் வீடு பத்து நிமிட நடை. பவுடர் டப்பா திறக்கப்படாமலே பலகையின் ஓரத்தில் இருந்தது. கணக்காளர் நண்பர் எழுந்து சட்டைக்கையை மடித்து விட்டார். புடைவைக்கடைக்காரர் காரின் சாவியை எடுத்தார். நான் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவருடன் தொடர்புகொண்டேன். ஐயா வீட்டுத் தொலைபேசியின் அருகே கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டார்.

முதல் இரண்டு பொலிஸ் நிலையங்களில் அப்படி எவரும் இல்லை என்றார்கள். மூன்றாவதிலும் அதே பதில்தான். கணக்காளர் நண்பர் அங்கிருந்து நகரவில்லை. சிங்களத்தில் நிதானமாக, ஸ்ரைக்கரைக் கோட்டில் வைத்துவிட்டு யோசிப்பவரைப் போலவே, பதிவுப் புத்தகத்தை இன்னொருமுறை பார்க்கச் சொன்னாராம். அந்தப் பையன் உமக்கு என்ன உறவு என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு எனக்கு எதிரே உட்காருகிறவர். இன்று உட்காரவில்லை" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். சிறிது நேரத்தின் பின் உள்ளேயிருந்து ஒருவர் வந்து, ஆள் இருப்பதாக ஒப்புக்கொண்டார். அப்போது மணி எட்டு.

லொட்ஜ் மாறிய பின் பொலிஸ் பதிவுத் துண்டில் பழைய விலாசமே இருந்ததுதான் காரணம் என்றார்கள். மறுநாள் சட்டத்தரணி போய், பிற்பகலில் அவரை அழைத்து வந்தார். இருவர் நேரில் வந்து பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தபின், அங்கிருந்தவர்களின் பேச்சு மாறியதாக இளைஞர் பிறகு சொன்னார். நாங்கள் போகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் காணாமற்போனது அடுத்த இருபது நிமிடங்களுக்குள் நால்வருக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அத்தனை தாய்மார்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிய எனக்கு, அந்த இருபது நிமிடத்தின் பெறுமதி விளங்கியது.

அன்றிலிருந்து ஐயாவின் விதியைப் பகிடி பண்ணுவதை நிறுத்திக்கொண்டோம். ஒரு வழக்கமான குழு என்றால் என்ன என்பதற்கு என்னிடம் இப்போது ஒரு விளக்கம் உண்டு. ஒன்றாகப் பொழுதுபோக்குகிறவர்கள் எல்லோரும் குழு அல்லர். ஒருவர் வராவிட்டால் ஆட்டத்தைத் தொடங்காமல் இருப்பவர்களே குழு. நட்பு, பாசம், ஒற்றுமை முதலிய பெரிய சொற்களை நான் இங்கு பயன்படுத்த விரும்பவில்லை. அவற்றுக்கு நேரமோ இடமோ குறிக்கப்படுவதில்லை. கரம் பலகைக்கு அவை இரண்டும் உண்டு.

இளைஞர் மறு ஆண்டு இலண்டனுக்குப் போனார். அவருடைய கதிரையில் ஒழுங்கையில் குடியிருந்த ஆசிரியர் ஒருவர் அமர்ந்தார். 2020 மார்ச் 20ஆந் திகதி கொரோனாவுக்காக ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது பலகையைச் சுவரில் சாத்தி வைத்தோம். ஆயினும் ஞாயிறு ஆறு மணிக்கு ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்து, குரலைக் கேட்டுவிட்டு வைத்தோம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் மெழுகுதிரியின் வெளிச்சத்தில் ஆடினோம். இலண்டனிலிருந்து இதைக் கேள்விப்பட்ட பழைய கூட்டாளி, "இப்பதான் நீங்கள் ஒழுங்காக விளையாடப் போறியள், அண்ணை" என்று சிரித்தார்.

யுத்தம் முடிந்துவிட்டதால் இந்தப் பதிவேட்டின் தேவையும் முடிந்துவிட்டதென நினைப்பதற்கில்லை. இன்று வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் தனியாக வாழும் முதியவர்கள் ஏராளம். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கிறார்கள். கதவுக்கு மூன்று பூட்டுகள் இருக்கின்றன. மனைவியை இழந்தபின் ஐயாவும் அவ்வாறுதான் வாழ்ந்து வருகிறார். 2023இல் ஒரு ஞாயிறு அவர் ஆறு மணிக்கு வரவில்லை. எவரையும் காக்க வைத்தறியாத மனிதர் அவர். ஆறு ஐந்துக்கு நாங்கள் அவருடைய வாசலில் நின்றோம். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு அசைக்க முடியாமல் மதியத்திலிருந்து கிடந்திருக்கிறார். மகன் வழமையாகத் தொலைபேசியில் பேசுவது புதன்கிழமைகளில்.

வைத்தியசாலையில் அவரைப் பார்க்கப் போனபோது, பயப்பட்டீர்களா என்று கேட்டேன். "ஆறு மணிக்கு நீங்கள் தேடுவீங்கள் எண்டு தெரியும். மிச்ச நேரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தன்" என்றார். அவர் இப்போது ஊன்றுகோலுடன் வருகிறார். வெல்லும் நிலையில் இருமுவதை மட்டும் விடவில்லை.

இதை வாசிப்பவர்களுக்குக் கரம் ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சதுரங்கமாகவும் இருக்கலாம், தாயமாகவும் இருக்கலாம், கடதாசி விளையாட்டாகவும் இருக்கலாம். ஆனால் கிழமையில் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தால், ஆட்டத்தைத் தொடங்காமல் எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள்.