அம்மாவின் கண்ணுக்கு அரை மணி நேரம்

முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு என்றால் மண்டபத்து மேக்கப் அறையில் இரண்டரை மணிக்கே விளக்கு எரிகிறது. முதலில் மணப்பெண், அவளுக்கு இரண்டு மணி நேரம். பிறகு தங்கை, நாத்தனார், சித்தி மகள் என்று ஆளுக்குக் கொஞ்சம். நாதஸ்வரக்காரர்கள் வந்து இறங்கிய பிறகு, யாரோ ஒருவர் நினைவு வந்து, பந்திக்கட்டிலும் சீர்த்தட்டுகளுக்கு நடுவிலும் அலைந்துகொண்டிருக்கும் பெண்ணின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள். மிச்சமிருப்பது பத்து நிமிடம். மதுரை வட்டாரத்து மண்டபங்களில் அழகுக்கலைப் பெண்கள் வேலை செய்வதை அருகே நின்று பார்த்தபோது பெரும்பாலும் நான் கண்ட வரிசை இதுதான். பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்டது ஒன்று: அந்த அறையில் உள்ளதிலேயே கடினமான வேலை அம்மாவின் கண். அதற்குத்தான் குறைந்த நேரமும் குறைந்த கூலியும் கிடைக்கின்றன. ஐம்பது, அறுபது வயதுக் கண்ணுக்கு மை தீட்டுவது மணப்பெண் மேக்கப்பின் மிச்சசொச்சம் அல்ல, தனியாகக் கற்க வேண்டிய தொழில் என்பதே நான் சொல்ல வருவது.

காரணம் தோலிலேயே இருக்கிறது. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது; ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான். எண்ணெய்ச் சுரப்பிகளும் அங்கே குறைவு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் குறைந்துபோவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அந்த இழப்பு முதலில் தெரியும் இடங்களில் கண்ணோரமும் ஒன்று. புருவம் சற்று இறங்குகிறது. மேலிமைத் தோல் தளர்ந்து மடிந்து இமைமுடி மேல் சாய்கிறது. கீழே கொழுப்பு முன்தள்ளிக் கண்ணுக்கடியில் பை விழுகிறது. அதற்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு பள்ளம். புருவத்தின் வால் தேய்கிறது, இமைமுடி மெலிகிறது. இவ்வளவும் சேர்ந்து ஒரு விசித்திரமான கணக்கைக் கொண்டுவருகின்றன. கண்ணை மூடினால் வண்ணம் தீட்ட வேண்டிய அளவு இடம் இருக்கிறது. திறந்தால் அந்த இடம் முழுவதும் மடிப்புக்குள் போய்விடுகிறது. மணப்பெண்ணிடம் செல்லுபடியாகும் முறை, அதாவது கண்ணை மூடச் சொல்லி, இமையை விரலால் இழுத்துப் பிடித்து, கோடு போட்டு, நிறம் பூசும் முறை, இங்கே பொய்த்துப்போவது இதனால்தான்.

இதற்கு நான் காட்டக்கூடிய வலுவான சான்று சினிமாவில் இருக்கிறது. 1996இல் வந்த ‘இந்தியன்’ படத்தில் கமல்ஹாசனை எழுபது தாண்டிய சேனாபதியாக மாற்ற மைக்கேல் வெஸ்ட்மோர் என்ற ஹாலிவுட் ஒப்பனைக் கலைஞரை வரவழைத்தார்கள். அதே ஆண்டின் ‘அவ்வை சண்முகி’யிலும் அவர் வேலை செய்தார். வார்ப்பெடுத்து ஒட்டும் அத்தகைய பெரிய வேலைகளுக்குச் செலவு செய்ய முடியாத இடங்களில், நாடகத்திலும் படத்திலும் இளம் முகத்தில் சுருக்கம் வரவைக்க ஓர் எளிய வழி உண்டு. தோலை விரலால் இழுத்துப் பிடித்து, திரவ லேடெக்ஸைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, காயவைத்து, கையை விட வேண்டும். தோல் தன் இடத்துக்குத் திரும்பும்போது மேலே படிந்த ஏடு சுருங்கிக் கோடு கோடாக விழும். முதுமை தயார். அம்மாவின் இமையை இழுத்துப் பிடித்து ஃபவுண்டேஷனும் கன்சீலரும் பவுடரும் அடுக்கும் அவசரக் கையும் ஏறத்தாழ இதையேதான் செய்கிறது. பூச்சு காய்ந்ததும் கையை எடுக்கிறார்கள். பூச்சு மடிப்புக்குள் இறங்கி, இல்லாத சுருக்கத்தையும் எழுதிக் காட்டுகிறது. முதுமையை வரையும் கலைஞர் பள்ளத்தில் இருட்டும் மேட்டில் வெளிச்சமும் வைக்கிறார். கண்ணுக்கடியில் உள்ள பையின் மேல் பளிச்சென்ற கன்சீலரைப் பூசினால் நடப்பதும் அதேதான்: மேடு இன்னும் மேடாகிறது.

தேர்ந்த அழகுக்கலைப் பெண்ணின் கை எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால் வேறுபாடு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பெண் அம்மாவைச் சாய்த்துப் படுக்க வைப்பதில்லை; நிமிர்ந்து உட்காரச் சொல்கிறார். படுத்தால் தோல் பின்னால் சரிந்து முகம் வேறாகிவிடும். “கண்ண மூடாதீங்கம்மா, நேரா என்னையவே பாருங்க” என்கிறார். திறந்த கண்ணின் மடிப்புக்கு ஒரு நூல் மேலே, எலும்பு விளிம்புக்குக் கீழே, பளபளப்பில்லாத மரநிற ஷேடோவைச் சிறு பிரஷால் ஒற்றுகிறார். கண் திறந்திருக்கும்போது வெளியே தெரியும் இடம் அதுதான். மடிப்பு உள்ளே தள்ளிப்போவது போன்ற தோற்றத்தையும் அந்த நிழல் கொடுக்கும். அதன் பிறகே கண்ணை லேசாகத் தாழ்த்தச் சொல்லி, கோடாக இழுக்காமல், இமைமுடிகளின் வேர்களுக்கு இடையே பென்சில் முனையைப் புள்ளி புள்ளியாக அழுத்துகிறார். வெளி ஓரத்துக்கு வரும்போது கை நிற்கிறது. வயதில் கண்ணின் வெளி முனை கீழ்நோக்கிச் சாயும். கோடும் அந்தச் சாய்வோடு போனால் முகம் முழுவதும் களைத்துவிடும். எனவே முனைக்குச் சற்று முன்பே கோட்டை நிறுத்தி, கீழிமையின் சாய்வை மேல்நோக்கி நீட்டினால் எங்கே போகுமோ அந்தத் திசையில் ஒரு சிறு தூக்கல் கொடுக்கிறார். ஐலைனரில் நீட்டும் பெரிய வால் இங்கே வேண்டாம். மடிப்பில் பட்டு உடைந்துபோகும். இமைத் தோலை ஒரு முறைகூட விரலால் இழுப்பதில்லை. தாங்கல் வேண்டுமென்றால் புருவத்தின் மேல் சுண்டுவிரலை ஊன்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

புருவத்துக்கு அவர் செலவிடும் நேரம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பிறகு நியாயமாகப் பட்டது. இளவயதில் பல ஆண்டுகள் த்ரெட்டிங் செய்து மெலிந்த புருவம் இப்போது திரும்ப முளைப்பதில்லை. தலைக்குக் கருப்புச் சாயம் அடித்திருப்பார்கள், புருவத்தில் நரை இருக்கும். அங்கே கருப்புப் பென்சிலால் ஒரே கோடாகத் தீட்டினால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். முடியின் நிறத்துக்கு ஒரு படி வெளிறிய பழுப்பில், முடி முடியாகச் சிறு கீறல்கள் போட்டு, வாலைக் கொஞ்சம் மேலே முடித்தால் கண்ணே தூக்கிவிட்டதுபோலத் தெரிகிறது. இமையில் எதுவுமே செய்யாமல் இதை மட்டும் செய்தால்கூடப் பாதி வேலை முடிந்தது என்பது என் கணிப்பு.

அடுத்து நிறம். நம் பெண்கள் பலருக்குக் கண்ணைச் சுற்றி இயல்பாகவே கருமை உண்டு. அதன் மேல் வெளிறிய கன்சீலரை நேரடியாக வைத்தால் சாம்பல் பூத்துவிடும். முதலில் ஆரஞ்சு சாயலுள்ள திருத்தியை உள்மூலையிலும் மிகவும் கருத்த இடத்திலும் மட்டும் மெல்லிய ஏடாக ஒற்ற வேண்டும். சுருக்கம் உள்ள வெளி ஓரத்தில் எதுவும் வேண்டாம். கிளிட்டர் மினுமினுப்பு மடிப்பின் வரம்புகளில் வெளிச்சம் பிடித்துக் காட்டிக் கொடுக்கும். பொய் இமைமுடியை முழுப் பட்டையாக ஒட்டினால் தளர்ந்த இமை அந்தக் கனத்தில் இன்னும் தாழும். துண்டு நறுக்கி வெளி ஓரத்தில் மட்டும் வைப்பது போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க உதவும் பிளஸ் கண்ணாடி கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும். திட்டுத்திட்டாக நின்ற மையையும் சேர்த்தே பெரிதாக்கும். அதனால் கடைசியில் கண்ணாடியைப் போடச் சொல்லி ஒருமுறை பார்க்காமல் அவர் விடுவதில்லை.

நல்ல பொருள் வாங்கினால் இதெல்லாம் தானாக வந்துவிடாதா என்று கேட்பார்கள். ஹெச்.டி., ஏர்பிரஷ் என்று விலைப்பட்டியல் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இந்தக் கேள்வி இயல்பானதுதான். பிரைமர் மை ஈசுவதைக் கொஞ்சம் தடுக்கும், நீர் புகாத மஸ்காரா கன்னிகாதானக் கண்ணீரையும் ஓமப் புகையையும் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் பொருளுக்கு மடிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஹெச்.டி. பவுடர்களில் பல சிலிக்காவால் ஆனவை. கொஞ்சம் கூடிப்போனால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணடியில் வெள்ளைத் திட்டாக விழும். நீர் புகாத மையைக் கலைக்க இரவில் அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கிறது. தேய்ப்பு மெல்லிய தோலுக்கு ஆகாது. விலை கூடக்கூட, எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவும் கூடவே தேவைப்படுகிறது.

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது: இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, வயதை ஏன் மறைக்க வேண்டும் என்பது. மறைப்பதுதான் நோக்கம் என்றால் நானும் அந்தப் பக்கம்தான் நிற்பேன். ஆனால் மேலே சொன்ன வேலையில் எதுவும் மறைக்கப்படவில்லை. சுருக்கம் சுருக்கமாகவே இருக்கிறது. மடிப்புக்குள் போயிருந்த கண் வெளியே வருகிறது. தவிரவும், அந்தக் கேள்வியை எப்போதும் வயதுதான் கேட்கிறது என்று நான் நம்பவில்லை. கணவரை இழந்த அம்மாக்கள் நாற்காலியில் உட்காரவே தயங்குவதைப் பார்க்கும்போது, பூவுக்கும் குங்குமத்துக்கும் மைக்கும் அவர்களைத் தள்ளிவைத்த பழைய வழக்கம்தான் ‘வயசாயிருச்சு’ என்ற பெயரில் பேசுகிறது என்று தோன்றுகிறது. அங்கே தொழில்காரப் பெண் வாதம் செய்வதில்லை. “புருவத்த மட்டும் சரி பண்ணிருவோம்மா” என்று தொடங்குகிறார். அம்மா வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் நிறுத்துகிறார். வேண்டாம் என்பவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. வேண்டும் என்பவருக்குக் கிடைப்பது அரைகுறை வேலையாக இருக்கக் கூடாது என்பதே என் கட்சி.

பாட்டி காலத்து மை போதாதா என்றும் சிலர் கேட்கலாம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்த துணியைத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்துக் குழைத்த மைக்கு ஓர் அழகு உண்டு. ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள மை தளர்ந்த கீழிமையில் நிற்காது. அரை மணி நேரத்தில் பைக்குள் இறங்கிக் கருவளையத்தைக் கூட்டும். கடையில் பெயரில்லாமல் விற்கும் சுர்மாவில் ஈய சல்ஃபைடு இருக்க வாய்ப்புண்டு; நிறத்துக்காக ஈயச் சேர்மங்களை அழகுப் பொருள்களில் சேர்ப்பதை இந்தியச் சட்டம் தடுக்கிறது. கீழிமையின் உள்விளிம்பில் கண்ணீர் உலராமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் நுண்துளைகள் வரிசையாக இருக்கின்றன. வயதில் கண் வறட்சி ஏற்கெனவே கூடும். அந்தத் துளைகளின் மேல் தினமும் மையை அப்புவது நல்லதல்ல. மை இல்லாமல் முகம் வெறிச்சென்று இருக்கிறது என்பவர்களுக்கு, முடியின் வெளிப்பக்கம், வெளி மூன்றில் ஒரு பங்கில் மட்டும், பழுப்பு ஷேடோவைக் கருப்போடு கலந்து ஒற்றிவிடுவது ஒரு நல்ல வழி. கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவர் அனுமதிக்கும் வரை, சில வாரங்களுக்கேனும், கண்ணருகே எதையும் கொண்டுபோகக் கூடாது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் தொடங்கிய மதுரையில், அம்மா வயதுப் பெண்கள் பலர் இந்த அறுவை முடித்தவர்கள். அழகுக்கலைப் பெண் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. ஒருவருக்குத் தொட்ட மஸ்காராக் குச்சியை இன்னொருவருக்கு எடுக்கவும் கூடாது.

இத்தனை தெரிந்த கை எங்கிருந்து வருகிறது? நான் பேசிய பெண்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பழகிப் பழகி. பயிற்சி வகுப்பில் மாதிரியாக உட்காருபவர் இருபது வயதுப் பெண். சான்றிதழும் மணப்பெண் மேக்கப்புக்கு. அம்மாக்களின் முகம் மண்டபத்தில்தான் முதன்முதலாகக் கைக்கு வருகிறது, அதுவும் அவசரத்தில், பெரும்பாலும் உதவியாளரின் கைக்கு. கூலியோ பேக்கேஜில் இலவச இணைப்பு. சினிமாவிலேயே இந்தத் தொழிலில் பெண்களுக்கு நியாயம் தாமதமாகத்தான் வந்தது: இந்தித் திரையுலகில் பெண்களை ஒப்பனைக் கலைஞர்களாகச் சேர்க்காமல், சிகையலங்காரத்துக்கு மட்டும் அனுமதித்துவந்த சங்க விதியை உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில்தான் செல்லாது என்றது. அந்த வழக்கில் குறைந்தபட்சம் எதிர்த்து நிற்க ஒரு சங்கமும் ஒரு விதியும் இருந்தன. மண்டபத்து மேக்கப் அறையில் இரண்டும் இல்லை; கூலியை ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாகப் பேசித்தான் வாங்குகிறார்.

ஆகவே பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வகுப்பில் வாரம் ஒரு நாளாவது ஐம்பது தாண்டிய முகத்தை மாதிரியாக உட்கார வையுங்கள், இமையை இழுக்காமல், திறந்த கண்ணில் வேலை செய்யப் பழக்குங்கள். கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகும் குடும்பங்களிடம் இன்னொன்று: அம்மாவுக்கும் மாமியாருக்கும் அரை மணி நேரம் என்று தனியாக எழுதி, அதற்குத் தனியாகப் பணம் பேசுங்கள். அவர்களைக் கடைசியில் உட்கார வைக்காதீர்கள்.