குதிரைக்கும் ஒரு பகடை

ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடும் ரோல்பிளேயிங் ஆட்டமான பெண்டிராகனில், கதையில் ஓர் ஆண்டு முடிந்ததும் குதிரைக்குப் பகடை உருட்ட வேண்டும். போரில் அடிபட்ட குதிரைக்கு மட்டுமல்ல, லாயத்தில் நின்று நன்றாகத் தீனி தின்றுகொண்டிருக்கும் குதிரைக்கும்தான். குளிர்காலம் வந்துவிட்டது, பனியில் யாரும் வெளியே போகவில்லை, டிராகன் இல்லை, சூனியக்காரி இல்லை. ஆனாலும் எண் மோசமாக விழுந்தால் குதிரை போய்விட்டது. விதிப்புத்தகத்தில் இதற்குக் கொடுத்திருக்கும் இடம் மிகக் கொஞ்சம். கதையை ஆடுவதற்கென்றே செய்த ஒரு விளையாட்டில் இந்தக் கணக்கை எதற்கு வைத்தார்கள் என்ற யோசனை என்னை விடவே இல்லை.

ரோல்பிளேயிங் ஆட்டக்காரர்கள் இருவர் சந்தித்தால் கொஞ்ச நேரத்திலேயே 'உங்களுக்கு எந்த உலகம் பிடிக்கும்?' என்ற கேள்வி வந்துவிடும். ஒருவர் மந்திர உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்பார். இன்னொருவருக்கு விண்வெளிதான் வேண்டும். மூன்றாமவர் 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் ஆட்டத்தின் 1920களை விட்டு நகரமாட்டார். துப்பாக்கி சுடத் தெரிந்தவனைவிட நூலகத்தில் தேடத் தெரிந்தவன் அதிக நாள் பிழைக்கும் உலகம் அது. அவர் பிடிவாதம் எனக்குப் புரிகிறது. என்னிடம் கேட்டால் மந்திரமா, விண்கலமா, பேயா என்று வகை பிரித்துச் சொல்ல வராது. அந்த உலகத்தில் காலம் ஓடுகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் டேவ் ஆர்னஸனோடு சேர்ந்து கொண்டுவந்த கேரி கைகாக்ஸுக்கு இந்தக் கவலை இருந்தது. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில், நாள் கணக்கைக் கறாராக எழுதி வைக்காவிட்டால் நீங்கள் நடத்தும் தொடர் ஆட்டத்துக்குப் பொருளே இருக்காது என்று முழுக்கப் பெரிய எழுத்துகளில் அச்சிட்டிருந்தார். அத்தனை அட்டவணைகளும் விதிவிலக்குகளும் நிறைந்த புத்தகத்தில், அடித்தொண்டையில் கத்துவதுபோல அந்த ஒரு வாக்கியம் நிற்கிறது. அவர் ஆடிய மேசைக்கு அது தேவைப்பட்டது. ஒரே உலகத்தில் பல குழுக்கள் மாறி மாறி ஆடின. ஒரு குழு காலிசெய்துவிட்டுப் போன பாதாள அறைக்கு அடுத்த வாரம் இன்னொரு குழு வந்து நிற்கும். காயம் ஆற நாள் பிடிக்கும், அடுத்த படிக்கு உயரப் பயிற்சிக்கு வாரங்கள் பிடிக்கும். யார் எந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்று தெரியாமல் அந்த உலகத்தை நடத்தவே முடியாது.

அந்த வாக்கியத்தைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விட்டார்கள். எலியைக் கொல்லவே திணறிய இளைஞன் அரக்கர் தலைவனை வீழ்த்துகிறான். நாள்காட்டியைப் பார்த்தால் இடையில் சில மாதங்கள்கூட ஆகியிருக்காது. அவனுக்கு நரை விழுவதில்லை, திருமணம் இல்லை, அம்மா சாவதில்லை. வரைபடம் எத்தனை அழகாக இருந்தாலும் அந்த உலகத்தில் என் மனம் ஒட்டுவதில்லை.

கிரெக் ஸ்டாஃபர்ட் இதற்கு முற்றிலும் வேறு வழி கண்டார். 1985இல் கேயாஸியம் வெளியிட்ட பெண்டிராகனில் ஒரு சாகசம், பிறகு குளிர்காலம், அவ்வளவுதான் ஓர் ஆண்டு. ஆர்தர் மன்னர் காலத்துக் குதிரைவீரர்கள்தான் பாத்திரங்கள். கோடையில் கோட்டை முற்றுகை, காட்டில் விசித்திர விலங்கு, ஏதோ ஒரு சீமாட்டியின் வழக்கு. குளிர்காலத்தில் மானியக் கிராமத்துக்குத் திரும்பி வந்து கணக்குப் பார்க்க வேண்டும். விளைச்சல் எப்படி, குதிரைகள் பிழைத்தனவா, மனைவி கருவுற்றாளா, பிரசவத்தில் தாயும் சேயும் தங்கினார்களா, ஏற்கெனவே பிறந்த குழந்தைகள் பனியைத் தாண்டினார்களா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை. 35 வயதுக்குமேல் மூப்புக்கும் ஒரு பகடை.

என் முதல் வீரன் சர் கெரின். எங்கள் ஆட்டம் ஸ்டாஃபர்ட் எழுதிய 'கிரேட் பெண்டிராகன் கேம்பெய்ன்' நூலின்படி 485இல் சாலிஸ்பரியில் தொடங்கியது. 495இல் செயின்ட் ஆல்பன்ஸில் வெற்றி கிடைத்த இரவு விருந்தில் நஞ்சு கலந்திருந்தது; ஆர்தருக்கு முன் ஆண்ட ஊதர் மன்னரும் அவரோடு உண்ட பிரபுக்களும் ஒரே இரவில் மடிந்தார்கள். போரில் வெட்டுப்பட்டுக் கூடாரத்தில் கிடந்த கெரின் அந்த விருந்துக்குப் போகவில்லை, அதனால் பிழைத்தான். அவனைக் கடைசியில் எந்த எதிரியும் வெல்லவில்லை. பெண்டிராகனில் ஒருவன் வாளால் அடிக்கும் அடியின் கனம், அவன் வலிமையையும் உடலளவையும் கூட்டி ஆறால் வகுத்து வருவது. கெரினுக்கு அது ஐந்து பகடை. நாற்பதைத் தொட்ட பிறகு ஒரு குளிர்காலத்தில் மூப்பு அட்டவணை வலிமையில் ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டது. மறு கோடையில் சண்டை வந்தபோது வழக்கம்போல ஐந்து பகடைகளைக் கையில் அள்ளினேன். ஆட்டம் நடத்தும் அக்கா என் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். கை தளர்ந்தது, கண் மங்கியது என்று அவர் வர்ணிக்கவே இல்லை. நான்கு பகடைகளை உருட்டியபோது மூப்பு என்றால் என்னவென்று அந்த மேசையில் எல்லோருக்கும் தெரிந்தது.

ஊதர் இறந்தபின் மன்னர் இல்லாமல் போன பதினைந்து ஆண்டுகள்தான் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்தர் இன்னும் வரவில்லை. சாலிஸ்பரியின் பிரபுவும் ஊதரோடு போய்விட்டார். அவர் மனைவி எலன் குழந்தையை வைத்துக்கொண்டு நாட்டை ஆள்கிறாள். சுற்றிலும் சாக்ஸன் அரசர்கள் கப்பம் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் பகை, இருவருக்கும் கொடுத்தால் கிராமத்தில் விதைநெல்கூட மிஞ்சாது. சாகசக் கதை என்று உட்கார்ந்தவர்கள் மணிக்கணக்கில் கப்பத்தைப் பற்றி வாதாடினோம். வட்டமேசை, புனிதக் கிண்ணம், லான்சலாட் எல்லாவற்றையும்விட எலனின் சபைதான் என் நினைவில் கெட்டியாக இருக்கிறது.

அந்தச் சபையில் நடந்த ஒன்று. பெண்டிராகனில் மனிதரின் குணங்கள் 13 இணைகளாக இருக்கும்: கருணை எதிரே கொடுமை, அடக்கம் எதிரே செருக்கு, நம்பிக்கை எதிரே சந்தேகம். ஒவ்வோர் இணையையும் கூட்டினால் 20. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இவை தவிர விசுவாசம், குடும்பப் பாசம், விருந்தோம்பல், வெறுப்பு என்று பற்றுகள் தனி; அவற்றுக்கும் எண் உண்டு. எண் 16ஐத் தொட்டுவிட்டால் அந்தக் குணம் ஊரறிந்தது. அதன்பின் நெருக்கடியில் முடிவு முழுக்க ஆட்டக்காரர் கையில் இல்லை; நடத்துபவர் பகடை உருட்டச் சொல்லலாம். எங்கள் குழுவின் இளையவன் ஆடிய வீரனின் தகப்பன் சாக்ஸன் கோடரிக்கு இரையானவர். வெறுப்பு 17. கப்பம் கேட்டு வந்த தூதன் எலனின் உப்பைத் தின்று உட்கார்ந்திருக்கிறான். அக்கா பகடை உருட்டச் சொன்னார். 4 விழுந்தது, வெறுப்பு வென்றது. விருந்தோம்பலுக்கும் உருட்டினான், அது தோற்றது.

"அக்கா, நான் வாளை எடுக்கலையே."

"நீ எடுக்கலப்பா. அவன் எடுத்துட்டான்."

மறு ஆண்டு சாலிஸ்பரியின் வயல்கள் எரிந்தன. இளையவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அந்த வீரனை விட்டுவிடாமல் அவன் மகன் தலையெடுக்கும்வரை ஆடினான். வேறெந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு மௌனத்தை நான் பார்த்ததில்லை. ஒருவன் பல ஆண்டுகளாகத் தன்னையே எப்படி வளர்த்துக்கொண்டானோ, அதுவே ஒருநாள் அவன் கையைப் பிடித்து இழுக்கிறது. காலம் ஓடாத உலகத்தில் இது நடக்கவே நடக்காது.

கதை 485இலிருந்து 566வரை போகிறது. அந்த எண்பது ஆண்டுகளுக்குள் ஸ்டாஃபர்ட் ஐரோப்பாவின் இடைக்காலம் முழுவதையும் மடித்து வைத்திருக்கிறார். ஊதர் காலத்தில் சங்கிலிக் கவசம், மரக் கோட்டை. ஆர்தர் ஆட்சி ஓட ஓட கல் கோட்டைகள் எழுகின்றன, வேட்டைக்கும் விருந்துக்கும் நாகரிகம் கூடுகிறது, போட்டிப் போர்களும் காதல் கவிகளும் வருகின்றன, கடைசியில் தலைமுதல் கால்வரை இரும்புத் தகடு. 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் ஆர்தர் கதையில் வீரர்கள் பதினைந்தாம் நூற்றாண்டுக் கவசம் போட்டுக்கொண்டு ஐந்தாம் நூற்றாண்டு மன்னருக்காகச் சண்டை போடுவார்கள். வரலாற்றாளர்களுக்கு உறுத்தும் அந்த முரணையே ஸ்டாஃபர்ட் உலகத்தின் விதியாக்கிவிட்டார். கெரினின் சங்கிலிக் கவசத்தை அவன் பேரன் அணிந்தால் சபையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆர்தரை எதிர்த்து மோர்ட்ரெட் வருவான், காம்லான் போரில் எல்லாம் அழியும். தெரிந்த பிறகு என்ன சுவை என்று புதிதாக வருபவர்கள் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டாம் போர் நடக்கும் காலையில், துரியோதனன் விழுவான் என்று அறியாத ஒருவரும் அந்தப் படுகளத்தைச் சுற்றி நின்றதில்லை. விடியவிடியக் கூத்துப் பார்த்த கண்ணோடு அத்தனை பேரும் அப்படியே நிற்பார்கள். ஆர்தரின் முடிவை மாற்ற முடியாது என்பதால்தான் என் வீரனின் சின்ன முடிவுகள், யாரை மணப்பது, எந்த மகனுக்கு நிலம், எந்தப் பகையை விட்டுவிடுவது என்பவை அவ்வளவு கனமாகின்றன.

காலத்தைப் பிடித்துக்கொண்ட உலகங்கள் வேறும் உண்டு. 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் இரும்பு அநேகமாக இல்லை. எலும்பாலும் எரிமலைக் கண்ணாடியாலும் செய்த வாள் சண்டை நடுவே முறியும், நாணயம்கூடச் சுட்ட மண். மந்திரம் போட்டால் சுற்றியுள்ள செடிகொடிகள் கருகிச் சாம்பலாகும். பழைய மந்திரவாதிகள் பசுமையான உலகத்தைத் தின்று தீர்த்தபின் மிஞ்சிய பாலை அது. நிலத்தைப் பார்த்தாலே அதற்கு முன் நடந்தது தெரியும்.

ஆனால் பெண்டிராகனுக்கு அடுத்து என் மனம் போவது 1977இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலருக்கு. விண்வெளிதான், பல்லாயிரம் கிரகங்கள்தான். ஆனாலும் ஒளியைவிட வேகமாகச் செல்லும் வானொலி கிடையாது. நட்சத்திரம்விட்டு நட்சத்திரம் தாவும் கப்பல் ஒரு தாவலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது, கிட்ட என்றாலும் எட்ட என்றாலும். செய்தியும் கப்பலில்தான் போக வேண்டும். அதன் அடுத்த பதிப்பாக 1987இல் வந்த மெகாடிராவலரில் பேரரசரைச் சபையிலேயே கொன்றுவிடுகிறார்கள். எல்லை மாகாணத்துக்கு அது தெரிய மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை அங்கே இறந்தவர் பெயரால் வரி வாங்குகிறார்கள், தண்டனை கொடுக்கிறார்கள், பதவிக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். செய்தியை முதலில் அறிந்த வணிகக் கப்பல் அடுத்த துறைமுகத்தில் என்ன விலைக்கு எதை விற்கும்? யாரிடம் சொல்லும், யாரிடம் மறைக்கும்?

எங்கள் பெண்டிராகன் ஆட்டம் காம்லானில் முடிந்ததும் டிராவலரை நான் நடத்துவதாகக் குழுவில் சொல்லியிருக்கிறேன். இளையவன் இப்போதே ஒரு தபால்கப்பலின் கேப்டனாக வருவேன் என்கிறான். தலைநகரிலிருந்து எந்தக் கிரகத்துக்குச் செய்தி எத்தனையாவது நாள் போய்ச்சேரும் என்று வரைபடத்தை விரித்து வைத்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். எல்லை மாகாணமான ஸ்பின்வார்ட் மார்ச்சஸுக்குச் செய்தி வந்துசேரும் நாளில் கப்பல் எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. அதை அவன் பகடைக்கே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.